ரிச்சி தெருவா, ஆன்லைனா? எலக்ட்ரானிக்ஸ் பாகங்களை எங்கே வாங்குவது

சென்னை அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பியதும் வரும் ரிச்சி தெருவும், அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும், மீரான் சாகிப் தெருவும், வாலர்ஸ் ரோடும் தமிழ்நாட்டில் சர்வீஸ் வேலை செய்பவர்களுக்கு மனப்பாடம். ரெசிஸ்டர் முதல் டிவி பேனல் வரை அங்கே கிடைக்கும். அதே ரெசிஸ்டரை இன்று போனிலிருந்தே வரவழைக்கலாம். இரண்டில் எது மலிவு என்றுதான் பலரும் கேட்கிறார்கள். விலையை வைத்து இதைத் தீர்மானிக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. பணம் கொடுக்கும் முன் அந்தப் பாகத்தைக் கையாலோ மீட்டராலோ சோதிக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் தெருக்கடையில் வாங்குங்கள். மேலே அச்சடித்திருக்கும் நம்பரை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை என்றால், கூடுதல் விலை கொடுத்தாவது உற்பத்தியாளர் அங்கீகரித்த விநியோகஸ்தரிடம் வாங்குங்கள்.

ஆன்லைன் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் உள்ளே மூன்று விதமான கடைகள் இருக்கின்றன. முதல் வகை மவுசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்கள். டிஜிகீயின் கிடங்கு அமெரிக்காவின் மினசோட்டாவில் இருக்கிறது, மவுசருடையது டெக்சஸில். பாகம் தயாரிப்பாளரிடமிருந்து நேராக இவர்களுக்கு வருவதால் நடுவில் கை மாறுவதில்லை. இரண்டாவது, புனேயின் ரோபு போல மாட்யூல், சென்சார், மோட்டார், பேட்டரி எல்லாம் விற்கும் உள்நாட்டு ஹாபி கடைகள். மூன்றாவது, யார் வேண்டுமானாலும் விற்பனையாளராகச் சேரக்கூடிய பெரிய சந்தைத் தளங்கள். இந்த மூன்றாவது வகையில் ஐசியோ டிரான்சிஸ்டரோ வாங்குவது தெருவில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதைவிட மோசம். தெருவிலாவது யாரிடம் வாங்கினோம் என்று தெரியும், மறுநாள் போய்க் கேட்கலாம்.

பவர் செமிகண்டக்டர்

பெரிய கரண்டைக் கையாளும் மாஸ்ஃபெட், டிரான்சிஸ்டர் போன்றவைதான் இவை. ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான், எனவே இதை விரிவாகச் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டர் போர்டில் சுவிட்ச் போல வேலை செய்யும் ஐஆர்எஃப்3205, இசட்44 மாஸ்ஃபெட்கள், ஆம்ப்ளிஃபயர் போர்டில் வரும் 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி, இவை நான்கும் டூப்ளிகேட் மலிந்தவை. கவுன்டரில் நம்பரைச் சொன்னதும் "ஒரிஜினலா, நார்மலா?" என்று கேட்கும் கடைக்காரர் நேர்மையானவர். எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பவரிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

டூப்ளிகேட் என்றால் வேலையே செய்யாது என்று பொருளில்லை. உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். மல்டிமீட்டரில் டயோடு சோதனை சரியாக வரும், லோடு இல்லாமல் போர்டும் ஓடும். ஃபேனும் மிக்ஸியும் போட்டதும் புகை வரும். ஐஆர்எஃப்3205-க்கு டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) சொல்வது 55 வோல்ட், 110 ஆம்பியர், ஆன் நிலையில் அதிகபட்சம் 8 மில்லிஓம் தடை. ஒரு மாஸ்ஃபெட் வழியாக 20 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். 8 மில்லிஓமுக்கு 3.2 வாட் வெப்பம் வரும். உள்ளே இருப்பது 20 மில்லிஓம் சிப் என்றால் அதே கரண்டுக்கு 8 வாட். ஹீட்சிங்க்கும் அதே, இன்சுலேட்டரும் அதே, வெப்பம் மட்டும் இரண்டரை மடங்கு. சூடு ஏற ஏற மாஸ்ஃபெட்டின் தடையும் ஏறும், அதனால் இன்னும் சூடாகும்.

இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டியதில்லை. மாஸ்ஃபெட்டின் மூன்று கால்கள் கேட், டிரெயின், சோர்ஸ். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே புதிய 9 வோல்ட் பேட்டரியை இணையுங்கள். கரண்ட் லிமிட் வைக்கக்கூடிய பவர் சப்ளையில் 1 ஆம்பியர் வைத்து டிரெயினிலிருந்து சோர்ஸுக்கு ஓட்டுங்கள். மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, மாஸ்ஃபெட்டின் கால்கள் உடலைத் தொடும் இடத்திலேயே முனைகளை வைத்து அளவெடுங்கள். 3205 என்றால் 8 மில்லிவோல்ட்டுக்குள் வர வேண்டும். இசட்44என் என்றால் 17.5-க்குள். 3205 என்று வாங்கியது 20-க்கு மேல் காட்டினால் அது 3205 இல்லை. முனைகளை வயரிலோ கிளிப்பிலோ வைத்தால் வயரின் தடையும் சேர்ந்து தப்பான அளவு வரும், நல்ல பாகத்தைத் தூக்கி எறிவீர்கள்.

பவர் சப்ளை இல்லாதவர்கள் டிரான்சிஸ்டர் டெஸ்டர் என்று விற்கும் சிறிய கருவியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அது கேட் கெப்பாசிட்டன்ஸைக் காட்டும். 3205-க்கு டேட்டாஷீட்டில் 25 வோல்ட்டில் 3,247 பிகோஃபாரட். டெஸ்டர் டிரெயினில் அந்த வோல்ட்டேஜ் இல்லாமல் அளப்பதால் அதைவிட அதிகமாகவே காட்ட வேண்டும். 1,500-க்குக் கீழே வந்தால் உள்ளே சின்ன சிப் உட்கார்ந்திருக்கிறது. கருவி பாக்கெட்டில் அடங்கும், கவுன்டரிலேயே போட்டுப் பார்க்கலாம். சோதிக்க விடாத கடையில் பவர் மாஸ்ஃபெட் வாங்காதீர்கள்.

அச்சை வைத்து முடிவு செய்வது கடினம். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைக்கும்போது கறுப்புப் பூச்சு உரிந்து வந்தால் பழைய பாகத்தின் மேல் புது நம்பர் அடித்திருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். உரியாவிட்டால் நல்லது என்று சொல்ல முடியாது. இன்டர்நேஷனல் ரெக்டிஃபயர் நிறுவனத்தை 2015-ல் இன்ஃபினியான் வாங்கிவிட்டது, அதனால் பழைய லோகோ, புது லோகோ என்று பார்ப்பதும் பெரிதாக உதவாது.

5200, 1943 ஜோடிக்கு இன்னும் நேரடியான வழி உண்டு. பத்து வாங்கினால் ஒன்றை பிளையர்ஸால் உடைத்துப் பாருங்கள். 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் தாங்க வேண்டிய டிரான்சிஸ்டரில் சிப் அகலமாக இருக்க வேண்டும். கடுகளவு துண்டு தெரிந்தால் மீதி ஒன்பதையும் 40 வோல்ட்டுக்குக் கீழே ஓடும் சின்ன போர்டுகளுக்கு ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டரில் ஒரு பக்கத்தில் நான்கு மாஸ்ஃபெட் பேரலலாக இருந்து ஒன்று எரிந்தால், நான்கையும் ஒரே பேட்ச்சில் மாற்ற வேண்டும். மூன்று பழையது, ஒன்று புதியது என்று போட்டால் கரண்ட் சமமாகப் பிரியாது. கேட் ரெசிஸ்டர்களையும் அளந்து பார்க்காமல் பவர் கொடுக்கக் கூடாது, மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகும்போது அவையும் பெரும்பாலும் போயிருக்கும்.

இத்தனை சோதனைக்கும் நேரமில்லாதவர்களுக்கும், வாடிக்கையாளருக்கு வாரன்டி கொடுக்க வேண்டியவர்களுக்கும் விநியோகஸ்தர்தான் சரி. பீஸுக்கு இரண்டு மடங்கு விலை ஆனாலும் திரும்பி வரும் ஒரு இன்வெர்ட்டருக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

மீட்டர் பேசும் பாகங்கள்

கெப்பாசிட்டரில் நிலைமை வேறு. கவுன்டரிலேயே அளந்து வாங்கலாம் என்பதால் தெருக்கடையில் தைரியமாக வாங்குங்கள். சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஏசி. 5 சதவீத டாலரன்ஸ் என்றால் 2.38-லிருந்து 2.62 வரை வரலாம். 2.1 காட்டுவதை "புதுசுதான் சார்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள், ஃபேன் மெதுவாகச் சுற்றும், மறுபடி ஏணி போட வேண்டிவரும்.

ஆம்ப்ளிஃபயர் சப்ளைக்கு வாங்கும் 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக்கில் கவனம் வேண்டும். பெரிய டப்பாவுக்குள் சின்ன கெப்பாசிட்டரை வைத்து விற்பது உண்டு. கையில் எடுத்தாலே எடை சொல்லிவிடும். சாதாரண மல்டிமீட்டர்கள் பலவற்றில் இவ்வளவு பெரிய மதிப்பை அளக்க முடியாது, மேலே சொன்ன டெஸ்டர் அளக்கும். ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள் தடை) 0.1 ஓமுக்கு மேல் காட்டினால் வேண்டாம். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை), எல்இடி டிரைவர் போன்றவற்றுக்கு 105 டிகிரி என்று அச்சிட்டதையே கேளுங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் எலக்ட்ரோலிட்டிக்கின் ஆயுள் சுமார் இரட்டிப்பாகும் என்பது பொது விதி. அப்படிப் பார்த்தால் 85 டிகிரி வகைக்கும் 105 டிகிரி வகைக்கும் ஒரே மணிக்கணக்கு எழுதியிருந்தாலும், ஒரே சூட்டில் இரண்டாவது நான்கு மடங்கு நாள் ஓடும். கண்ணூரில் தயாராகும் கெல்ட்ரான் கெப்பாசிட்டர்கள் தெருவில் இன்றும் கிடைக்கின்றன. பெயர் படிக்க முடியாத மலிவு ரகத்துக்கு முன்னால் அவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

தெருக்கடைக்கே உரிய குறை ஒன்று இங்கே உண்டு: பழைய ஸ்டாக். வருடக்கணக்கில் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக்கில் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்துவிடும். நேராக 400 வோல்ட் கொடுத்தால் கசிவு அதிகமாகி வீங்கும், சில நேரம் வெடிக்கும். ஹை வோல்ட்டேஜ் கெப்பாசிட்டரை வாங்கியதும் ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக, குறைந்த வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி, ரேட்டட் வோல்ட்டேஜில் கொஞ்ச நேரம் வைத்தால் படலம் மீண்டும் உருவாகும். ரெசிஸ்டரின் குறுக்கே வோல்ட்டேஜ் குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாவிட்டால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் அதே ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ரிலேயையும் கவுன்டரில் அளக்கலாம். சின்னச் சதுர ரிலேக்கள் பார்ப்பதற்கு எல்லாம் ஒன்று, அச்சு அழிந்திருந்தால் 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று தெரியாது. காயில் தடை 70 ஓம் வந்தால் 5 வோல்ட், 400 ஓம் வந்தால் 12 வோல்ட்.

ஒயர், டிரான்ஸ்ஃபார்மர், கனெக்டர்

இவற்றை ஆன்லைனில் வாங்குவது தேவையில்லாத வேலை. தெருவில் ஒயரை 14/38, 14/36, 23/36 என்றுதான் கேட்பார்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது எஸ்டபிள்யூஜி கேஜ், அதாவது இழையின் தடிமனைக் குறிக்கும் எண். 36 கேஜ் இழை 0.193 மி.மீ. விட்டம், 38 கேஜ் 0.152 மி.மீ. கணக்குப் போட்டால் 14/38 என்பது 0.255 சதுர மி.மீ., 14/36 என்பது 0.41 சதுர மி.மீ. இழை எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் கரண்ட் தாங்கும் திறன் ஒன்றல்ல. ஸ்பீக்கருக்கு 14/38 கேட்டு வாங்கிவிட்டு சப்ளை லைனுக்கும் அதையே போடுபவர்கள் உண்டு, அது சூடாகும்.

காப்பர் என்று சொல்லி அலுமினியத்தின் மேல் காப்பர் பூசிய ஒயரைக் கொடுப்பதும் நடக்கிறது. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். முழுக் காயில் வாங்கினால் இரண்டு முனையையும் மீட்டரில் வைத்து அளக்கலாம். 90 மீட்டர் 14/36 சுத்தக் காப்பர் என்றால் 3.8 ஓம் அளவுக்கு வரும். 6 ஓமுக்குப் பக்கத்தில் வந்தால் அலுமினியம், அல்லது இழை மெலிசு, இரண்டில் எதுவாக இருந்தாலும் வேண்டாம். அளக்கும் முன் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் தடையைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் மலிவாக வரும் ஜம்பர் ஒயர்களில் இரும்பின் மேல் காப்பர் பூசியவை நிறைய. காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் சிக்னலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், மோட்டாருக்கோ சர்வோவுக்கோ சப்ளை கொடுக்கக் கூடாது.

டிரான்ஸ்ஃபார்மரில் எடைதான் பேசும். 12-0-12, 5 ஆம்ப் என்று கேட்கும்போது ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: இரு முனைகளுக்கிடையே 24 வோல்ட்டில் 5 ஆம்பியரா, சென்டர் டேப் வைத்து 12 வோல்ட்டில் 5 ஆம்பியரா? முன்னது 120 விஏ (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு), பின்னது அதில் பாதி. இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். 120 விஏ இஐ கோர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். அலுமினியக் கம்பியில் சுற்றியவையும் வருகின்றன, வெளியே வரும் முனையில் எனாமலைச் சுரண்டினால் நிறம் காட்டிக்கொடுக்கும். வேண்டிய வோல்ட்டேஜ் ரெடிமேடாகக் கிடைக்காவிட்டால் சுற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 35-0-35-உடன் தனியாக ஒரு 12-0-12 வைண்டிங் வேண்டும் என்றால், அதை எந்த இணையதளத்தின் கூடையிலும் போட முடியாது. ஆர்டர் கொடுக்கும்போது வோல்ட், ஆம்பியர், மவுன்டிங் அளவு மூன்றையும் தாளில் எழுதிக் கொடுங்கள், வாய்வழியாகச் சொன்னால் தவறு வரும்.

கனெக்டரில் பழைய பீஸைக் கையில் எடுத்துப் போவதைப்போல் பலன் தருவது வேறில்லை. டிசி ஜாக் 5.5க்கு 2.1, 5.5க்கு 2.5 இரண்டும் வெளியிலிருந்து ஒன்றாகத் தெரியும். 2.5 பிளக்கை 2.1 சாக்கெட்டில் செருகினால் உள்ளே போகும், தொடர்பு விட்டுவிட்டு வரும், ரூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும், அடாப்டரைக் குறை சொல்வோம். ஜேஎஸ்டி என்ற சிறு கனெக்டர் வகையில் எக்ஸ்எச் 2.5 மி.மீ. இடைவெளி, பிஎச் 2 மி.மீ. படத்தைப் பார்த்து ஆர்டர் செய்தால் பாதி நேரம் தவறானதுதான் வரும். கடையில் செருகிப் பார்த்து வாங்கிவிடலாம்.

"இது சேம்தான் சார்"

தெருக்கடையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கேட்ட நம்பர் இல்லாதபோது அனுபவமுள்ள கடைக்காரர் சொல்லும் ஈக்விவலன்ட் பல நேரம் சரியாக இருக்கும், தேடினால் ஒரு மணி நேரம் ஆகும் விஷயத்தை ஒரே நொடியில் சொல்லிவிடுவார். உற்பத்தி நின்றுபோன பாகங்களுக்கு ஆன்லைன் விநியோகஸ்தர் "இல்லை" என்று சொல்லும்போது, தெருவில் மேல் தட்டிலிருந்து எடுத்துத் தருவார்கள்.

ஆனால் மாற்றுப் பாகம் எங்கே பொருந்தாது என்பதை வாங்குகிறவர் தெரிந்திருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் போட யுஎஃப்4007 டயோடு கேட்டால் சாதாரண 4007 கொடுப்பார்கள். இரண்டும் 1 ஆம்ப், 1000 வோல்ட். முதலாவது 75 நானோ விநாடியில் அடைத்துக்கொள்ளும், சாதாரண 4007 மைக்ரோ விநாடிக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸில் வித்தியாசமே தெரியாது. 60 கிலோஹெர்ட்ஸ் சர்க்யூட்டில் டயோடு கொதித்து, கூடவே மாஸ்ஃபெட்டையும் கூட்டிக்கொண்டு போகும். டிரான்சிஸ்டரில் கால் வரிசை மாறும். பிஎன்2222ஏ-வை எழுத்துப் பக்கத்திலிருந்து பார்த்தால் எமிட்டர், பேஸ், கலெக்டர். பி2என்2222ஏ-வில் கலெக்டர், பேஸ், எமிட்டர். பெயரில் ஒரு "2" தான் வித்தியாசம். மாற்றுப் பாகம் வாங்கினால் அங்கேயே நின்று போனில் டேட்டாஷீட்டைத் திறந்து வோல்ட், ஆம்பியர், வேகம், கால் வரிசை நான்கையும் பாருங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மாட்யூல்களும் சென்சார்களும்

இதில் தெருவும் ஹாபி தளங்களும் பெரும்பாலும் ஒரே சீனச் சரக்கைத்தான் விற்கின்றன. எனவே விலையும் திருப்பிக் கொடுக்கும் வசதியும் பார்த்து எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்திருந்தால் போதும். வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் எல்எம்2596 பக் மாட்யூலில் 3 ஆம்ப் என்று போட்டிருக்கும். ஒரிஜினல் ஐசி 150 கிலோஹெர்ட்ஸில் ஓட வேண்டும், மாட்யூல்களில் வரும் பிரதிகள் 50 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓடுகின்றன. அதற்குப் போதுமான காயிலும் கெப்பாசிட்டரும் போர்டில் இருக்காது. ஹீட்சிங்க் இல்லாமல் 1.5 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து எடுக்காதீர்கள்.

இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் 30 பின், 38 பின் என்று இரண்டு வகை உண்டு. ஷீல்டு (அதோடு பொருத்தும் துணை போர்டு) வாங்குபவர்கள் முதலில் பின்னை எண்ண வேண்டும். டைப்-சி சாக்கெட் வைத்த மலிவு போர்டுகள் சிலவற்றில் 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்கள் இரண்டையும் விட்டிருப்பார்கள். இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் அந்த போர்டு உயிர் பெறாது. செத்த போர்டு என்று திருப்பி அனுப்பும் முன் பழைய வகை யுஎஸ்பி முனை உள்ள கேபிளில் போட்டுப் பாருங்கள்.

டிஎஸ்18பி20 வெப்ப சென்சாரில் போலி மிக அதிகம். அதன் 64 பிட் அடையாள எண்ணைப் படித்தால் பதினாறு இலக்கங்கள் வரும். ஒரிஜினல் 28 என்று தொடங்கி, கடைசி ஜோடிக்கு முந்தைய இரண்டு ஜோடிகளும் 00, 00 என்று இருக்கும். அப்படி இல்லாதது போலி. மீன் தொட்டிக்குப் போலி போதும். மருந்து வைக்கும் ஃபிரிட்ஜுக்கோ குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டருக்கோ போதாது, அதற்கு விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். எஃப்டி232 யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டருக்கும் இதே அறிவுரைதான். 2014-ல் அதன் தயாரிப்பாளரான எஃப்டிடிஐ வெளியிட்ட விண்டோஸ் டிரைவர் போலிச் சிப்களின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி, கம்ப்யூட்டர் அவற்றை அடையாளம் காணாமல் செய்துவிட்டது. ஒரிஜினல் கட்டாயம் இல்லையென்றால் வெளிப்படையாக சிஎச்340 என்ற வேறு சிப்பின் பெயரிலேயே விற்கும் மலிவு போர்டே மேல், அது வேறொன்றின் பெயரில் ஒளிந்து வருவதில்லை.

18650 செல்

இந்த உருளை வடிவ லித்தியம் செல்லை எங்கே வாங்கினாலும் தராசு கையில் வேண்டும். நல்ல செல் 45 கிராம் பக்கத்தில் இருக்கும், 40-க்குக் கீழே போனால் எடுக்காதீர்கள். 9,900 எம்ஏஎச் என்று போட்ட எதையும் தொடவே வேண்டாம், இந்த அளவு செல்லில் அது சாத்தியமில்லை. நம்பத்தக்க கம்பெனிகளின் செல்கள் 2,000-லிருந்து 3,500 வரையில்தான் பெரும்பாலும் வரும். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்து, புது உறை போட்டு விற்பவையும் இருக்கின்றன. இரு முனைகளையும் வெளிச்சத்தில் பாருங்கள், ஸ்பாட் வெல்டிங் செய்த சிறு புள்ளிகளோ தேய்த்த தடமோ தெரிந்தால் அது பழையது. வாங்கும்போது 3.4-லிருந்து 3.7 வோல்ட் இருக்கலாம். 2.5-க்குக் கீழே இறங்கிய செல்லை சார்ஜ் செய்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஆன்லைனில் வாங்கும் லித்தியம் பெரும்பாலும் தரை வழியாகத்தான் வரும், அவசரத்துக்கு நம்ப முடியாது.

சால்டரிங் லெட், ஃபெரிக் குளோரைடு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஆகியவற்றை உள்ளூரிலேயே வாங்குங்கள். தீப்பற்றும் பொருள்களைக் கூரியரில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு, ஃபெரிக் குளோரைடு வழியில் கசிந்தால் பார்சல் முழுக்கக் கெட்டுவிடும். லெட்டில் 60/40 (60 பங்கு டின் எனும் வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) என்று அச்சிட்டிருந்தாலும் டின் குறைவாக இருக்கலாம். 60/40 சுமார் 190 டிகிரிக்குள் முழுதாக உருகிவிட வேண்டும். அயர்னை 250-ல் வைத்தும் இழை கூழ்போல் இழுபட்டு, ஆறியதும் மங்கலாக நின்றால் டின் குறைவு. பெரிய ஸ்பூல் எடுக்கும் முன் 50 கிராம் வாங்கிச் சோதித்துவிடுங்கள்.

செலவுக் கணக்கு

ஒரே ஐசியும் பத்து ரெசிஸ்டரும் வேண்டுமென்றால் கூரியர் கட்டணமே பொருளின் விலையைத் தாண்டும், தெருதான். நாற்பது வகைப் பாகம் உள்ள போர்டுக்கு ஆன்லைன்தான். தெருவில் அந்தப் பட்டியலை முடிக்கப் பல கடை ஏறி இறங்க வேண்டும், கடைசியில் நான்கைந்து பாகம் கிடைக்காது, அந்த நான்கைந்துக்கு மாற்று போடும் சலனத்தில்தான் தவறு நடக்கும். எஸ்எம்டி (போர்டின் மேல்பரப்பிலேயே சால்டர் செய்யும் மிகச் சிறிய பாகங்கள்) என்றால் இன்னும் உறுதியாக ஆன்லைன். 0805 என்பது 2 மி.மீ. நீளம், 0603 என்பது 1.6 மி.மீ., திறந்த ரீலிலிருந்து வெட்டித் தரும்போது அவை கலந்துவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது.

வெளிநாட்டு விநியோகஸ்தரிடம் ஆர்டர் போடும்போது காட்டும் விலையில் சுங்கமும் ஐஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சேராவிட்டால் வரியோடு கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் வாசலில் கேட்பார்கள். கேஒய்சி ஆவணத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்தால் பார்சல் சுங்கத்தில் தேங்காது. முன்பு பலரும் நம்பியிருந்த அலிஎக்ஸ்பிரஸ் செயலி 2020 நவம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

தெருவில் வாயால் சொல்லும் விலை பெரும்பாலும் பில் இல்லாத விலை. பெரும்பாலான பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைச் சேர்த்துத்தான் ஆன்லைன் விலையோடு ஒப்பிட வேண்டும். பில் வாங்குங்கள். மாற்றித் தரச் சொல்லிப் பேச அது ஒன்றுதான் பிடி. எங்கே வாங்கினாலும் ஒருமுறை சால்டர் பட்ட பாகத்தை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள், அதனால் சோதனை எல்லாம் போர்டில் போடும் முன்பே முடிய வேண்டும். ஆன்லைன் பார்சலைப் பிரிக்கும்போது சீல் தெரியும்படி தொடங்கி ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள், நடுவில் வெட்டினால் ஏற்க மாட்டார்கள்.

மதுரையிலோ நாகர்கோவிலிலோ இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு எட்டாத இடம் இல்லை. பல கடைகள் போனில் ஆர்டர் எடுத்துக் கூரியரிலோ பஸ் பார்சலிலோ அனுப்புகின்றன. முழு நம்பரைக் கடைசி எழுத்து வரை எழுதி அனுப்புங்கள், 7805 என்பதும் 78எல்05 என்பதும் வேறு: முன்னது 1 ஆம்பியருக்கு மேல், பின்னது 100 மில்லிஆம்ப். "மாற்று வேண்டாம், இல்லாவிட்டால் விட்டுவிடவும்" என்று கீழே ஒரு வரி சேருங்கள். பணம் அனுப்பும் முன் பாகத்தின் மேல் உள்ள அச்சும் தேதிக் குறியும் தெளிவாகத் தெரியும் படம் கேளுங்கள். ஒரே ஐசி பத்து பீஸ் வாங்கினால் பத்தையும் வரிசையாக வைத்து எடுத்த படம் கேளுங்கள். எழுத்தின் உயரமோ, கால் பூச்சின் நிறமோ, ஓரத்தில் உள்ள குழியின் ஆழமோ ஒன்றுக்கொன்று மாறினால் அது பல இடங்களில் பொறுக்கிச் சேர்த்த சரக்கு, ஆர்டரை நிறுத்திவிடுங்கள். மாஸ்ஃபெட் அனுப்பச் சொன்னால் கால்களை அலுமினியத் தாளில் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். சாதாரண பிளாஸ்டிக் கவரில் உரசி வரும் நிலைமின்சாரம், 20 வோல்ட் மட்டுமே தாங்கும் கேட்டை ஓட்டை போட்டுவிடும், அது வெளியே தெரியாது.